திரைக்குள் ஒரு துணை

நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவமனைக்கு வருகிறார் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஈசிஜி எடுத்துவரச் சொல்கிறார்கள். கூட வந்த மகனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர் ஓர் இளைஞர். "ஜாக்கெட் கொக்கியைக் கழட்டிட்டுப் படுங்கம்மா" என்கிறார், ஒயர்களைச் சிக்கெடுத்தபடி. அவர்மீது ஒரு தவறும் இல்லை. அன்றைக்கு அது அவருக்கு முப்பதாவது ஈசிஜியாக இருக்கலாம். அம்மாவுக்கோ வாழ்க்கையில் முதல் முறை. முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டே படுக்கிறார். உடம்பு விறைத்தால் தசை நடுங்கும். தாளில் விழும் கோடும் நடுங்கும். மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

"சிஸ்டரைக் கூப்பிடட்டுமாம்மா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

கேட்க மட்டுமல்ல, பெறவும் அவருக்கு உரிமை உண்டு. ஆண் மருத்துவர் பெண் நோயாளியின் உடலைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இப்படித்தான் சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் அடுத்த ஆண்டே சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கறாரானது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பரிசோதிக்கும்போது பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். கைதான பெண்ணைப் பெண் மருத்துவரோ, அவரது மேற்பார்வையில் வேறொருவரோதான் பரிசோதிக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் இத்தனை கவனம். ஓபி சீட்டோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கோ சாசனத்தில் ஒரு வரி.

கூச்சத்தின் விலை என்ன என்பதை நம் மண் அறியும். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடா மருத்துவர் அல்லர். அவருடைய தந்தைதான் மருத்துவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. அதுவே வேலூர் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்தது. இன்று பெண் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மார்பில் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

"கூட வீட்டு ஆட்கள் இருக்கிறார்களே, போதாதா?" என்பார்கள். போதாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பழைய கருக்கலைப்பைப் பற்றி எந்த மருமகள் சொல்வாள்? கணவன் கொடுத்த காயத்தைக் கணவன் முன்னாலேயே எப்படிக் காட்டுவாள்? மேலும், எது பரிசோதனை, எது அத்துமீறல் என்று வீட்டு ஆட்களுக்குப் பிரித்தறியத் தெரியாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், சில சிறுமிகளின் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, தன் உடம்பால் அவர்கள் பார்வையை மறைத்துக்கொண்டு அத்துமீறினார். 2018இல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டு ஆட்கள் போதாது என்பதால்தான் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், துணையாக நிற்பவர் பொதுவாகப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளராக இருக்க வேண்டும், நடப்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறது. திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவது துணை ஆகாது.

இது மருத்துவர்களைச் சந்தேகிக்கும் ஏற்பாடு அல்ல. வீண்பழி வந்தால் மருத்துவருக்குச் சாட்சியாக நிற்பவரும் அதே சிஸ்டர்தான். வார்டுக்கு ஒரு சிஸ்டர் இருந்தாலே அதிகம் என்ற நிலையில் ஆளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயிற்சி கொடுத்தால் பெண் உதவியாளர்களும் இதைச் செய்ய முடியும். இத்தகைய பரிசோதனைகளை ஒரே நேரத்தில் தொகுத்தும் வைத்துக்கொள்ளலாம். ஆள் இல்லை, அவசரமும் இல்லை என்றால், "துணை வரும்வரை காத்திருக்கிறீர்களா?" என்று நோயாளியிடம் கேட்டுவிடலாம்.

தமிழக அரசு செய்ய வேண்டியது சிறிய காரியம். அரசு, தனியார் என்று பாராமல், ஸ்கேன் மையங்களையும் சேர்த்து, துணை வேண்டுமா என்று முதலில் கேட்கும் பொறுப்பை மருத்துவமனையின்மீது வைக்க வேண்டும். ஆணோ பெண்ணோ திருநரோ, எல்லோரிடமும் கேட்க வேண்டும். சிறுநீர்க் குழாய் செருகும்போது ஆணுக்கும் கூச்சம் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு வேண்டும். என்ன பதில் வந்தது, யார் உடனிருந்தார் என்பதை கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

கேட்டால் தருவோம் என்பது உரிமை ஆகாது. மேலாடை தளர்ந்து, மல்லாந்து படுத்திருப்பவரால் எதையும் கேட்க முடியாது. அவர் படுப்பதற்கு முன்பே சிஸ்டர் உள்ளே வந்து பக்கத்தில் நிற்கட்டும். முந்தானையைப் பிடித்த கை தளரும். ஈசிஜி கோடும் முதல் முறையிலேயே ஒழுங்காக விழும்.