கண்ணுக்குத் தெரியாததை அளந்தவர்

குழந்தைகளே! என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால் உடனே "டாக்டர்", "இன்ஜினீயர்" என்கிறீர்கள். வேதியியல் படித்து அளக்கும் கருவி செய்யப் போகிறேன் என்று எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் மகிழ்வேன். ஏன் தெரியுமா?

எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையின் ஜரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்புக் கம்பி சுற்றிய போலியும் அதே மாதிரிதான் மின்னும்! இன்று எக்ஸ் கதிர் செலுத்தும் ஒரு கருவி, ஓர் இழையைக்கூட அறுக்காமல், தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காட்டிவிடுகிறது. நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்தவரின் நல்ல பெயர் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட நுட்பமான கருவிகள் பல, பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பிறந்தவை. நம் நாட்டிலும் அப்படி ஒரு கருவியைச் செய்த வேதியியல் பேராசிரியர் இருந்தார். அவர்தான் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

1894-இல் பிறந்தவர். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். இன்ஜினீயரான தாத்தா வீட்டில் வளர்ந்தார். அங்கே பேட்டரி, நூல் கட்டிய டெலிபோன் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பாராம். (நீங்கள் தீப்பெட்டியில் செய்வீர்களே, அதேதான். அம்மா திட்டினால் பட்நாகர் பெயரைச் சொல்லுங்கள்!)

லாகூரில் பேராசிரியராக இருந்தபோது, 1928-இல், கே.என்.மாத்தூருடன் சேர்ந்து ஒரு தராசு செய்தார். காய்கறி நிறுக்கும் தராசு அல்ல! காந்தம் இரும்பை மட்டும்தான் இழுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் எல்லாப் பொருளையும் அது துளியாவது இழுக்கும் அல்லது தள்ளும், தண்ணீரைக்கூட. அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேரும்போது உண்டாகும் கோடுகள் நகர்வதைக் கொண்டு அவர்களின் தராசு அதை அளந்தது. பொருளுக்குள் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை அறிய அந்த அளவு உதவும்.

1931-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆடம் ஹில்கர் என்ற லண்டன் கம்பெனி அதை விற்பனைக்கும் கொண்டுவந்தது. அடிமை நாட்டுப் பேராசிரியரின் கருவி, ஆண்டவர்களின் ஊரிலேயே விலைக்கு வந்தது!

பின்னாளில் தேசிய ஆய்வுக்கூடங்களை அமைத்தார். அவர் பெயரில் விருது ஏற்பட்டது. 1958-இல் அதை முதலில் பெற்றவர் நம் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். பொது அறிவுப் புத்தகங்களில் இந்த விருது தவறாமல் இருக்கிறது, தராசைக் காணோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

உங்கள் பள்ளியிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருக்கும். ஒரு மல்லிகைப் பூ எத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துக் காட்டும்படி உங்கள் ஆசிரியரைக் கேளுங்களேன்.