காக்கா என்று கூப்பிட்ட பிள்ளை

நேற்று அமாவாசை. மொட்டை மாடியில் சோறு வைத்துவிட்டு 'கா... கா...' என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். மயிலாப்பூரில் அன்றைக்கு எல்லா மாடியிலும் விருந்துதான்; காக்கை நம் வீட்டுக்கு வர நேரமாகும். காத்திருந்தபோது ஒரு பழைய வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஆங்கில ஆசிரியர்களுக்கு 'குரோ' என்ற சொல் ஒன்று போதும், ஒரு பீரியட் ஓட்டிவிடலாம். 'ஆஸ் த குரோ ஃபிளைஸ்' என்றால் நேர்க்கோட்டுத் தூரம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போக நமக்குப் பாலம் வேண்டும், காக்கைக்கு வேண்டாம். 'குரோஸ் ஃபீட்' என்றால் கண்ணோரச் சுருக்கம். 'ஈட் குரோ' அமெரிக்க வழக்கு: நான் சொன்னது தப்பு என்று தலைகுனிந்து ஒப்புக்கொள்வது.

அன்று எட்டாம் வகுப்பு. போர்டில் அந்தச் சொல்லை எழுதியதுமே வகுப்பு மொத்தமும் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நல்ல கறுப்பு நிறம் அவள். 'காக்கா' என்பதுதான் பட்டப்பெயர். நான் 'சைலன்ஸ்' என்று மேஜையைத் தட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் அன்று நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்று ஆசையாகச் சொல்கிறோம். அந்த 'உம்'மைக் கவனியுங்கள். இழிவு சிறப்பும்மை என்பார்கள் தமிழாசிரியர்கள். அழகில்லாத காக்கைக்குக்கூட, என்று அர்த்தம். கொஞ்சும்போதே ஒரு குத்து.

அமெரிக்காவில் இந்தக் குத்து எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1830-களில் ஒரு வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் குரோ' என்ற வேஷம் கட்டி ஆடினார். அந்தப் பெயர் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் சொல்லானது. பிறகு பள்ளியிலும் பஸ்ஸிலும் அவர்களைத் தனியே ஒதுக்கிய சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்தது. அதை ஒழிக்க 1964, 1965 சட்டங்கள் வரை போராட வேண்டியிருந்தது.

நம்மிடம் வேறொரு மரபும் இருக்கிறது. சங்ககாலத்தில் நச்செள்ளையார் என்ற பெண் புலவர், பிரிந்தவன் வரவைக் கரைந்து சொன்ன காக்கைக்கு எவ்வளவு நெய்ச்சோறு போட்டாலும் தகும் என்று பாடினார். குறுந்தொகையில் 210-ஆம் பாட்டு. அதனால் அவருக்குக் 'காக்கைபாடினியார்' என்று பட்டம். கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் காக்கையைத்தான் வள்ளுவரும் உதாரணம் காட்டினார். விலங்கியலில் நம் ஊர்க் காக்கைக்குக் 'கார்வஸ் ஸ்பிளென்டென்ஸ்' என்று பெயர். 'ஸ்பிளென்டென்ஸ்' என்றால் லத்தீனில் ஒளிர்வது.

இதில் ஒன்றையாவது அன்று நான் அந்த வகுப்பில் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

அமாவாசைக்கு அமாவாசை அதையே முன்னோராக நினைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் அதன் பெயரையே வசவாக்கி ஒரு குழந்தை மேல் எறிகிறோம். வீட்டிலோ வகுப்பிலோ யாராவது ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால், என்னைப் போல மேஜையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

அந்தப் பெண் இதைப் படிப்பாளோ என்னவோ. படித்தால், அம்மா, உன் வாத்தியார் 'ஈட் குரோ' பாடத்தை இப்போதுதான் படித்து முடித்திருக்கிறார். மன்னித்துவிடு.