ஓலைக்குத் தீ வைக்காதீர்கள்!

அமராவதி பாசனத்தில் இருக்கும் கொமரலிங்கத்தில் நெல், கரும்போடு தென்னையும் முக்கியம். தண்ணீருக்குக் காட்டும் அக்கறையை மண்ணுக்குக் காட்டுகிறோமா? ஓலையைக் குவித்து எரிக்கிறோம், மட்டையை விற்கிறோம், பிறகு பொட்டாஷ் மூட்டைக்குக் கடையில் நிற்கிறோம். மட்டையில் இருப்பதும் சாம்பல்சத்துதான்.

காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பலர் விட்டுவிடுவது தொழு உரத்தைத்தான். மாடு குறைந்துவிட்டது, உண்மை. அதனால்தான் தோப்புக் கழிவு தோப்புக்கே திரும்ப வேண்டும். எரித்தால் தழைச்சத்து புகையாகப் போய்விடும்.

மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 15 காய்ந்த ஓலைகளையோ, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி 100 மட்டைகளையோ பரப்புங்கள். கோடையில் ஈரம் காக்கும், மட்கி உரமாகும். மழைக்குச் சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். தென்னைநார்க் கழிவை மட்க வைக்காமல் போடாதீர்கள்.

காண்டாமிருக வண்டு வருமென்று பயமா? அது அதிகம் பெருகுவது எருக்குழியிலும் பட்டுப்போன மரத்திலும்தான். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் இடுங்கள். பட்ட மரத்தை அப்புறப்படுத்துங்கள்.

வேளாண்மைத் துறையினருக்கும் ஒரு வார்த்தை: 'எரிக்காதே' என்று சொன்னால் போதாது. ஓலை தூளாக்கும் இயந்திரம் குறைந்த வாடகையில் ஊருக்கே வர வேண்டும். ஆள் கூலி கொடுத்து ஓலை நறுக்கச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.