புதிய புற்றுநோய் மருந்து ஆய்வு: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

பினாங்கு பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் புதிய மருந்துகளின் ஆய்வுகள் நடப்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், "நம்மைச் சோதனை எலியாக்கி விடுவார்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கீமோ வேகமாக வளரும் நல்ல உயிரணுக்களையும் தாக்கும். இலக்கு மருந்து, கட்டியில் குறிப்பிட்ட அடையாளம் இருந்தால்தான் வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 'ஹெர்2' புரதம் மிகுந்திருக்கும். அவர்களுக்கான டிராஸ்டுசுமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததோ 2015-இல்தான். பதினேழு ஆண்டுகள்! விலை கொடுக்க முடியாதவருக்கு இத்தகைய இடைவெளியில் ஆய்வும் ஒரு வழி. ஆய்வு மருந்துக்குப் பொதுவாகக் கட்டணமில்லை.

நமக்கு இது தூரத்து விஷயமல்ல. 2012-2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இலட்சம் இந்தியப் பெண்களில் 38.1 பேருக்கு மார்பகப் புற்றுநோய்; மலாய்ப் பெண்களில் 31.5. எல்லா இனத்தையும் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரக்கூடாது. குலுக்கல் முறையில் பழைய சிகிச்சையே கிடைக்கலாம். பக்கவிளைவு உண்டு. நிபோங் திபாலிலிருந்தோ கூலிமிலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சம்பளம். படிவம் புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக்கூடாது.

பலர் கேட்க மறப்பது ஒன்று: மருந்து பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா? இதை முன்கூட்டியே நோயாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஹெல்சிங்கிப் பிரகடனம்.