ஆறு நாள் கிடந்த ஃபேக்ஸ்

2014 ஏப்ரல் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிராஃப்டன் ஊர் போலீஸார், ஒரு கைக்குழந்தை இருக்கும் வீட்டின் நிலவரம் சரியில்லை என்று குழந்தைகள், குடும்பங்கள் துறைக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருக்கிற மாநிலம், ஆனாலும் ஃபேக்ஸ்தான். அது அலுவலகத்தில் ஆறு நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. யாரோ எடுத்துப் படித்து, ஆள் போய்ப் பார்ப்பதற்குள் குழந்தை இறந்துபோனது.

அதே மாதம் 18, புனித வெள்ளி. ஸ்டெர்லிங் என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு சிறுவனின் உடல் கிடைத்தது. ஃபிட்ச்பர்க்கைச் சேர்ந்த ஐந்து வயதுப் பையன். துறையின் கண்காணிப்பில் இருந்த குடும்பம். மாதம் ஒரு தடவை சமூகப்பணியாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி யாரும் போகவில்லை. 2013 செப்டம்பரிலிருந்தே பையனைக் காணோம். துறைக்குத் தெரிய வந்தது டிசம்பரில். அதுவும் அவன் கூடப்பிறந்தவள் பள்ளிக்கூடத்தில் வாய்திறந்ததால். சமூகப்பணியாளர், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று மூவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். துறையின் ஆணையர் ஓல்கா ரோச் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

ஆளுநர் டெவல் பேட்ரிக் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறவர், நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) சட்டமன்றத்தின் பேரவைக் குழு 2014 ஜனவரியிலேயே விசாரணை நடத்தியது. வெளி அமைப்பு ஒன்று துறையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அறிக்கை வரட்டும், பார்க்கலாம் என்றே நாள் போயிற்று. அந்த ஃபேக்ஸ் விவகாரம் வெளியே வந்ததும் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நம் ஊர் என்றால் தீர்மானம், விவாதம், வெளிநடப்பு எல்லாம் இருக்கும். அங்கே அந்தச் சடங்குகள் கிடையாது. ஆணையரை நியமிப்பது ஆளுநர் தரப்பு. சட்டமன்றம் ஓட்டுப் போட்டு நம்பிக்கையில்லை என்று சொல்லும் ஏற்பாடு இல்லை. அவைத் தலைவர்கள் வாயால் சொன்னாலே போதும். ஏப்ரல் 28 அன்று சபாநாயகர் ராபர்ட் டிலியோவும் செனட் தலைவர் தெரேஸ் மர்ரேயும் ரோச் போக வேண்டும் என்றார்கள். இருவரும் ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர்கள். மறுநாளே ரோச் ராஜினாமா செய்தார்.

அவர் போனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தையைப் பற்றிய புகார் ஆறு நாள் மேஜையில் தூங்கும் என்றால், தலைமையில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். எரிச்சல் வேறு இடத்தில். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அந்தத் துறையின் பட்ஜெட்டில் கைவைத்தார்கள். ஒரு பணியாளர் தலையில் இருபது குடும்பங்களுக்கு மேல் விழுவதாக ஊழியர் சங்கம் முறையிட்டு வந்தது. பட்ஜெட்டை நிறைவேற்றுவது யார்? இதே சட்டமன்றம். பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் அதற்குத்தான். நம்பிக்கை போய்விட்டது என்று அறிவிக்க ஒரு காசு செலவில்லை. ஆள் போட வேண்டுமென்றால் வரிப்பணத்தில் வழி தேட வேண்டும். எது சுலபம் என்று சட்டமன்ற உறுப்பினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டமன்றம் சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். பணமும் ஆள்பலமும் பிறகு கொஞ்சம் கூடின. ஆனாலும் ரோச்சுக்குப் பிறகு நடந்ததைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இடைக்கால ஆணையராக வந்தவர் எரின் டெவனி, நிர்வாகத்தில் கைதேர்ந்தவர் என்று பெயர். 2015-இல் அவர் மாநிலத்தின் மோட்டார் வாகனப் பதிவுத் துறைக்குப் பதிவாளராக, அதாவது தலைவராகப் போனார். 2019 ஜூன் 21 அன்று பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில், மாசசூசெட்ஸ் லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர் ஓட்டிய பிக்கப் வண்டி, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மேல் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அதே ஆள் கனெக்டிகட்டில் போதையில் வண்டி ஓட்டியதாகக் கைதானவர். அந்தத் தகவல் பதிவுத் துறைக்கு வந்திருந்தது. யாரும் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், வெளிமாநிலங்களிலிருந்து ஓட்டுநர்களைப் பற்றி வந்த பல்லாயிரம் கடிதங்கள் பெட்டி பெட்டியாகக் கவனிக்கப்படாமல் கிடந்தன.

இந்தத் தடவை சபாநாயகர் எதுவும் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. விபத்து நடந்த நாலாம் நாள் டெவனி விலகிவிட்டார். ஜூலை மாதம் சட்டமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது அவர் முன்னாள் பதிவாளர்.