பூங்கா வாசலில் எவர் வெளியார்?

ஹவாய் மாநிலத்தின் டைமண்ட் ஹெட் பூங்காவுக்கு வரும் வெளிமாநிலத்தார் 2022 முதல் முன்பதிவு செய்து, தலைக்கு 5 டாலரும் செலுத்த வேண்டும். உள்ளூர் அடையாள அட்டை உடையோருக்குக் கட்டணம் இல்லை. பராமரிப்புச் செலவை உள்ளூரார் வரியாக முன்பே கொடுத்துவிட்டனர் என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். உலாவிவிட்டுத் திரும்புவோரைப் பொறுத்தவரை அதில் பிழை காண்பதற்கில்லை.

ஆனால் அவ்வழக்கம் திருப்பூருக்கு வந்தால்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் ஆண்டுக்கணக்காக உழைப்போர் பலரின் ஆதாரில் இன்னமும் சொந்த ஊர் முகவரியே இருக்கிறது. ஞாயிறன்று பிள்ளைகளுடன் பூங்காவுக்கு வருபவரை அந்த அட்டையே வெளியாராக்கிவிடும். அவர் இங்கே வாங்கும் செருப்புக்குச் செலுத்தும் ஜி.எஸ்.டி.யிலோ தமிழக அரசுக்கும் பங்குண்டு! ஜும்ஆவில் நம்மோடு தோள் சேர்ந்து நிற்போரிலும் அவர்கள் இருக்கிறார்கள். (2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நம் நஞ்சராயன் குளத்தின் பெருமையே வெளியூர்ப் பறவைகளால் வந்ததுதான்.)

மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளூர்வாசியும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்கிறது சூரத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனம். பூங்கா பள்ளிவாசலன்று, அந்தச் சட்டம் அப்படியே இங்கே பொருந்தும் என நாம் வாதிடவில்லை. எனினும் அதை ஓதுகிற நாம், பிறந்த ஊரை வைத்துக் கட்டணம் கேட்பதை ஆதரிக்க இயலாது. வேறுபாடு அவசியமெனில், வாடகை ரசீதோ கம்பெனி அட்டையோ காட்டுவோர் அனைவரையும் உள்ளூராராகவே ஏற்க வேண்டும்.