வலைமனை கட்டினோர் காக்கவும் வேண்டும்

ஒன்றை ஆக்குதற்கு வேண்டும் ஆர்வம் வேறு. ஆக்கிய அதனைக் காலந்தோறும் காத்து நிற்பதற்கு வேண்டும் பொறுமை வேறு. முன்னது நம்மவர்பால் நிரம்பவே உண்டு. பின்னதோ சொல்லவும் நாணத்தக்க அளவிற்குக் குறைவு. கழகம் ஒன்றைத் தொடங்கும் நாளில் மாலையும் மேடையும் முழக்கமும் இருக்கும். மூன்றாம் ஆண்டில் அதன் வரவுசெலவுச் சுவடி எங்கே என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். இக் குறை இப்பொழுது இணையத்திலும் நம்மைத் தொடர்ந்து வந்திருக்கின்றது.

தமிழன்பர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தொடங்கிய வலைத்தளங்கள் பலப்பல. இதழ்களின் பழந்தொகுதிகள், ஊர்ப்பெயராய்வுகள், தொழிற்சொற் பட்டிகள் எனப் பல்லாண்டு உழைப்பின் பயன் அவற்றுள் அடங்கிக் கிடந்தது. அவற்றின் முகவரிகளை இன்று உலாவியில் இட்டுப் பாருங்கள். சில திறக்கவே மாட்டா. சிலவற்றில் 'இப் பெயர் விற்பனைக்கு' என்னும் அறிவிப்பு நிற்கும். இன்னுஞ் சிலவற்றில், எழுதவுங் கூசுகின்றது, சூதாட்ட விளம்பரம் கண்ணைப் பறிக்கும். இவற்றைப் பகைவர் எவரும் வந்து அழித்தாரல்லர். உடையவரே பாராமுகமாய் இருந்து அழியவிட்டனர்.

யாம் சார்ந்திருக்கும் இலக்கியக் கழகம் ஒன்றிற்கே இது நேர்ந்தது. வெள்ளிவிழாவையொட்டித் தளம் ஒன்று அமைத்து, கழகத்தின் பழைய இதழ்களை ஆள் வைத்துத் தட்டச்சிட்டு ஏற்றினோம். அமைத்துத் தந்த இளைஞர் நல்லவர், கூலியும் வாங்கிற்றிலர். ஆயினும் தளப்பெயரைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சலைக் கொடுத்தே பதிந்திருந்தார். அஃது எங்கட்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அவர் வேலையின் பொருட்டு அயல்நாடு சென்றார். பதிவைப் புதுப்பிக்குமாறு வந்த நினைவூட்டு மடல்கள் அவர் கைவிட்டுப்போன மின்னஞ்சற் பெட்டியிலேயே குவிந்து கிடந்தன. ஒருநாட் காலை தளத்தைத் திறந்தபொழுது சீட்டாட்ட விளம்பரம்! தமிழ்ப்பகைவர் செயல் என்றே முடிவு கட்டி, எதிர்ப்புரை ஒன்றும் எழுதத் தொடங்கிவிட்டோம். அவ்வேளை, எம்மிடம் முன்பு பயின்று இப்பொழுது கணினித் துறையிற் பணியாற்றும் மாணவர் ஒருவர், அரை மணித்துளியில் உண்மையைக் காட்டினார். எம் பதிவு காலங்கடந்து போயிருந்தது. முந்திய கிழமையில் வேறொருவர் அப் பெயரை முறைப்படியே விலைகொடுத்துப் பதிந்திருந்தார். எதிர்ப்புரைத் தாளைக் கிழித்தெறிந்தோம்.

அம் மாணவர் கையாண்டது விலையின்றி எவர்க்குங் கிடைக்கின்ற ஒரு தேடற்கருவியே. வலைத்தளங்கள் உண்மையில் எண்முகவரிகளில் இருப்பன. எண்களை நினைவிற் கொள்ளல் மாந்தர்க்கு அரிதாகலின், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் முறை ஒன்றை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பால் மொக்கபெட்ரிசு வகுத்தார். அதற்கு முன்னர், கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்த ஒரே பட்டியலைத்தான் எல்லாக் கணினிகளும் படியெடுத்து வந்தன. இன்று அம் முறையின் தலைமை ஒருங்கிணைப்பு, 1998-இல் நிறுவப்பெற்ற 'ஐக்கான்' என்னும் அமைப்பின் கையில் உள்ளது. நம் ஊர்க்கணக்கரிடம் இருக்கும் அடங்கல் போன்று, ஒவ்வொரு பெயரும் என்று பதியப்பெற்றது, எவர்வழிப் பதியப்பெற்றது, என்று முடிகின்றது என்பன ஒரு பதிவேட்டில் இருக்கும். அதனைக் கேட்டறியும் பழைய முறைக்கு 'யார் அவர்' எனப் பொருள்படும் 'ஊயிசு' என்பது பெயர். பொதுப் பெயரீறுகளுக்கு அதனை நடத்தவேண்டும் என்னும் கட்டாயம் 2025 சனவரி 28-உடன் முடிந்து, 'ஆர்டாப்பு' என்னும் புதுமுறை அவ்விடத்தைப் பெற்றது. ஐக்கானின் தேடற்பக்கத்தில் பெயரை இட்டால் போதும். இம் முறை வேறுபாடு நமக்குத் தெரியவே வராது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஐரோப்பியரின் தன்மறைப்புச் சட்டம் 2018 மே திங்களில் நடைமுறைக்கு வந்தபின், உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் பெரும்பாலும் மறைக்கப்பெற்றே காட்டப்பெறுகின்றன. எனவே முடிவு நாளை வெளியிலிருந்து பார்க்கலாம். உரியவர் யார் என்பதைப் பதிவுக் கணக்கினுள் நுழைந்துதான் பார்க்கவேண்டும். அக் கணக்கின் கடவுச்சொல் கழகச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருத்தல் வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் இருந்தால், அத் தளம் நம்முடையதன்று. உலகப் பெருநிறுவனமாகிய மைக்ரோசாப்டே 1999 திசம்பரில் தன் கடவுப் பணிக்குரிய பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஆட்மெயில் மடல் பார்ப்போர் பலர் நுழைய மாட்டாமல் தடுமாற, தொடர்பற்ற கணினியாளர் ஒருவர் தம் கையிலிருந்து 35 தாலர் கட்டி அதனை மீட்டார். அவர்க்கு வாய்த்த நல்லார் நமக்கும் வாய்ப்பர் என்று இருத்தல் இயலாது.

தளங்கட்கு இடங்கொடுத்து நடத்தும் தொழிலோர்க்கும் இதிற் கடமை உண்டு. பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிந்து, அவர் தொலைபேசிக்கும் முடிவு நாளைச் சொல்லுதல் பெரிய வேலையன்று. சிலர் இதனை வேண்டுமென்றே செய்வதில்லை. பெயர் தம் பிடியில் இருக்கும்வரை ஆள் வேறிடம் போகமாட்டார் என்னும் வணிகக் கணக்கே அது.

தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையும் இப்பொழுது உண்டு. '.இலங்கை' 2010-இலும், '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகியன 2011-இலும் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. ஆயினும் உள்ளே ஓடும் பொறிமுறை உரோமன் எழுத்துகளையே அறியும். 2003-இல் வகுக்கப்பெற்ற 'பியூனிகோடு' என்னும் முறையால், நாம் இடும் தமிழ்ப்பெயர் 'எக்சு', 'என்' என்னும் ஈரெழுத்திலும் இரு சிறுகோடுகளிலும் தொடங்கும் ஓர் உரோமன் சரமாக மாற்றப்பெறுகின்றது. மடலில் ஒட்டினால் அச் சரமே தலைகாட்டுவதுண்டு. கண்டு மருளற்க, மாற்றிக்காட்டும் கருவிகள் உள. தமிழ்ப்பெயர் வைத்திருப்போர் அச் சரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. இடங்கொடுக்கும் நிறுவனத்தாரிடம் பேசும்பொழுது பெரும்பாலும் அதனையே கேட்பர்.

எழுத்தைப் பற்றிய பேச்சு வந்தமையின், தமிழ்த் தளங்கட்கே உரிய ஒரு நோயைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஔவை என்னும் பெயரின் முதலெழுத்து ஒன்று. அதனை ஒகரமும் ளகரமுமாக இரண்டாகத் தட்டுவோர் எத்துணைப் பேர்! கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஔவையைத் தேடுவார்க்கு 'ஒளவை' என்று தட்டிய கட்டுரை கிட்டாது போகும். 'கௌவை'யைக் 'கெளவை' எனத் தட்டலும் இவ்வாறே. ஒட்டிய சொல்லின் ஒவ்வோரெழுத்திற்கும் உரிய ஒருங்குகுறி எண்ணைப் பிரித்துக் காட்டும் கருவிகள் இணையத்தில் உள்ளன. ஐயுற்ற சொல்லை அதில் இட்டுப் பார்த்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும். பிழை திருத்துவோர் நாள்தோறும் கையாள வேண்டிய கருவி இது என்பது எம் கருத்து.

இதனினும் கொடியதாய்த் தோன்றுவது இடமாற்றத்தின்போது நேர்வது. ஒரு வழங்கியிலிருந்து வேறொரு வழங்கிக்குத் தளத்தை மாற்றியவுடன், தமிழெல்லாம் மறைந்து, தலையிற் சாய்கோடிட்ட உரோமன் 'ஏ'யும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் வரிசை வரிசையாய் நிற்கும். கட்டுரைகள் அழிந்தன என்றெண்ணி மீண்டும் தட்டச்சிடத் தொடங்கியோரை யாம் அறிவோம். அழியவில்லை, படிக்கும் முறைதான் பிழைத்தது. 'யூடிஎப்-8' என்னும் குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு; 'தமிழ்' என்னும் சொல்லில் ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட்டு. அம் மும்மூன்றையும் சேர்த்துப் படியாமல், மேலை ஐரோப்பிய முறையில் ஒவ்வொன்றாய்ப் படித்தால் இக் கோலம் உண்டாகும். தரவுத்தளத்தின் குறியேற்ற அமைப்பைத் திருத்தச் சொன்னால் தமிழ் மீளும். அதுவரை அப் பக்கங்களைத் திறந்து மாற்றிச் சேமித்தல் கூடாது. சேமித்தாற்றான் உண்மையிலேயே கெடும். பாமினி, தகுதரம் முதலாய பழைய முறைகளில் உள்ள ஆக்கங்களை ஒருங்குகுறிக்கு மாற்றும் மாற்றிகளும் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டரசே 2010-இல் ஒருங்குகுறியை ஏற்றுக்கொண்டபின் இன்னும் பழைய எழுத்துருவைக் கட்டி அழுவானேன்?

அடுத்து, பூட்டு. 2018 சூலை முதல் கூகுளின் குரோம் உலாவி, மறைக்குறியீடில்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகத்தில் அறைந்தாற்போல் காட்டத் தொடங்கிற்று. அதற்குரிய சான்றிதழை முன்பு விலைகொடுத்தே பெரும்பாலும் வாங்கவேண்டியிருந்தது. 2015 திசம்பரில் பொதுவிற்குத் திறக்கப்பெற்ற 'இலெட்சு என்கிரிப்டு' அதனை அனைவர்க்கும் விலையின்றித் தந்தது. அஃது 90 நாட்சான்றாக வந்தது. தானே புதுப்பிக்கும் 'செர்ட்பாட்டு' என்னும் மென்பொருளும் உடன் உண்டு. முடியும் நாள் நெருங்கினால் மடல் அனுப்பி வந்த அந் நிறுவனம், 2025 சூனில் அதனை நிறுத்திவிட்டது. எவ்வகைச் சான்றிதழும் 2026 மார்ச்சு 15 முதல் 200 நாளும், 2027 மார்ச்சு 15 முதல் 100 நாளும், 2029 மார்ச்சு 15 முதல் 47 நாளுமே செல்லும் என உலாவி நிறுவனங்களும் சான்று வழங்குவோரும் 2025 ஏப்பிரலில் முடிவு செய்துள்ளனர். கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனி ஒவ்வாது. குவாலிசு நிறுவனத்தின் ஆய்வுப் பக்கத்தில் தளப்பெயரை இட்டால், பூட்டின் தரத்தை மதிப்பெழுத்தாகவே சொல்லிவிடும்.

தளத்தின் விரைவை அளக்கும் கருவிகளும், ஐந்து மணித்துளிக்கொருமுறை தட்டிப்பார்த்து விழுந்தால் மடல் விடுக்கும் கருவிகளும் உள்ளன. பின்னது ஒன்றை எல்லாரும் வைத்துக்கொள்க. விரைவைப் பற்றி மிகக் கவலற்க. பெரிய ஒளிப்படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதி நோய் தீரும். 'உங்கள் தளத்தில் எழுபது குற்றங்கள்' என்று அச்சுறுத்தி, அடுத்த பக்கத்தில் விலைப்பட்டியல் நீட்டும் கருவிகளை ஒதுக்குக. கடவுச்சொல்லைக் கேட்கும் ஆய்வுக் கருவி எதுவாயினும் அந்நொடியே மூடிவிடுக.

இவை எல்லாம் இருந்தும், படி இல்லையேல் பயனில்லை. 2021 மார்ச்சு 10-ஆம் நாள் இரவில், பிரான்சு நாட்டின் இசுட்ராசுபர்க்கு நகரில் 'ஓ.வி.எச்.' நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று தீப்பற்றி முற்றும் எரிந்தது. 36 இலக்கம் வலைத்தளங்கள் செயலிழந்தன என்று நெட்கிராப்டு ஆய்வாளர் கணக்கிட்டனர். படியெடுப்பிற்கெனத் தனிக்கட்டணம் கட்டியிருந்தவருள்ளும், படியும் அவ் வளாகத்திலேயே இருந்தமையால் அதனையும் தீக்கு இழந்தவர் உண்டு. வீட்டுப் பத்திரத்தின் படியை அதே வீட்டின் அதே பெட்டியில் வைத்தாற்போன்ற கதை. ஒரு படி நம் கையில், நம் ஊரில், வழங்கியோடு தொடர்பற்ற வன்றட்டில் இருத்தல் வேண்டும்.

கையிற் படி வையாத எமக்கு இறுதியிற் கைகொடுத்தது சான்பிரான்சிசுக்கோவிலுள்ள இணைய ஆவணகம். புரூசுட்டர் கேல் 1996-இல் தொடங்கிய அந் நிறுவனம், தன் 'வேபேக்கு' பொறியில் வலைப்பக்கங்களை அவ்வப்பொழுது படம்பிடித்தாற்போல் பதிந்து வைக்கின்றது; 2001 முதல் எவரும் பார்க்கலாம். எந்தப் பக்கத்தையும் நாமே முகவரி கொடுத்து உடனே பதியச் செய்யும் ஏந்தும் அதில் உண்டு. 2024 அக்தோபரில் அதுவும் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள்கள் மூடிக்கிடந்தது ஆதலின், அதனையே முழுதும் நம்பியிருத்தலும் கூடாது.

எம் கழகத் தளத்திலிருந்த 312 கட்டுரைகளுள் 241 அவ் ஆவணகத்திற் கிடைத்தன. மாணவர் இருவர் கோடை விடுமுறை முழுதும் இருந்து அவற்றை இறக்கித் தந்தனர். எஞ்சிய 71-க்கு அச்சிதழ்களைத் தேடினோம். தளத்தில் ஏறிவிட்டதே, இனித் தாள்கள் எதற்கென்று கழக அறையிலிருந்தவற்றை எடைக்குப் போட்டவர்களும் நாங்களே! உறுப்பினர் வீடுகளில் தேடி 50 கட்டுரைகளை மீட்டோம். 21 இன்றுவரை கிட்டவில்லை. அவற்றுள் ஒன்பது, நெசவுத்தொழிற் சொற்களைக் காலஞ்சென்ற அன்பர் ஒருவர் தறியடியில் அமர்ந்து நெசவாளர் வாய்க்கேட்டுத் தொகுத்தவை. அச் சொற்களைச் சொன்ன முதியோரும் இப்பொழுது இல்லை. அவ் இதழ்களை வைத்திருப்போர் எவரேனும் இருப்பின், ஓர் அஞ்சலட்டை எழுதினாலும் போதும். யாமே நேரில் வந்து, அங்கேயே இருந்து படியெடுத்துக்கொண்டு, இதழை அவர் கையிலேயே திருப்பித் தந்து வருவோம்.